உஷார்! தென்னாப்பிரிக்கா போகிறவர்கள் வழியைத் திட்டமிடுங்கள்

ஓராண்டில் 27,621 கொலைகள். 2023 ஏப்ரலில் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த நிதியாண்டுக்குத் தென்னாப்பிரிக்கப் போலீஸ் வெளியிட்ட கணக்கு இது. நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2022-ஆம் ஆண்டுக்குச் சொன்ன எண்ணிக்கை 28,522. ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் நாம் 140 கோடிப் பேர். அவர்கள் 6 கோடிச் சொச்சம், தமிழ்நாட்டின் மக்கள்தொகையைவிடக் குறைவு.

கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு தென்னாப்பிரிக்கா என்று முடிவு செய்திருப்பவர்கள் இந்தக் கணக்கை நிதானமாக ஒருமுறை படித்துவிடுங்கள். டிக்கெட்டை ரத்து செய்யச் சொல்லவில்லை. 2024-இல் அந்த நாட்டுக்குச் சுமார் 89 லட்சம் வெளிநாட்டவர் போனார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பத்திரமாக ஊர் திரும்பினார்கள். அங்கே நடக்கும் கொலைகளில் பெரும்பகுதி ஏழைக் குடியிருப்புகளில், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு நடப்பது. அந்தத் துயரத்தின் முழுப் பாரத்தையும் சுமப்பவர்கள் அவர்கள்தான். ஹோட்டலுக்குள்ளோ மியூசியத்துக்குள்ளோ சரணாலயத்துக்குள்ளோ சுற்றுலாப் பயணிக்குத் தீங்கு நேர்வது அரிது. மாட்டிக்கொள்வதெல்லாம் வழியில். விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்கு, ஹோட்டலிலிருந்து காட்டுக்கு, காரிலிருந்து ஏ.டி.எம்.முக்கு. நம் ஆட்கள் எந்த இடத்தைப் பார்ப்பது என்று மாதக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள். அந்த இடத்துக்கு எந்த நேரத்தில், எந்த வண்டியில், எந்தச் சாலையில் போவது என்பதை டிரைவரிடமோ கூகுள் மேப்பிடமோ விட்டுவிடுகிறார்கள். என் கவலையெல்லாம் அதைப் பற்றித்தான்.

கேப்டவுன் வரைபடத்தைத் திறந்து விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். நிறவெறி அரசு 1950-இல் கொண்டுவந்த சட்டம், எந்த நிறத்தவர் எந்தப் பகுதியில் வாழலாம் என்று நகரங்களைக் கூறு போட்டது. நகரின் நடுவே கலந்து வாழ்ந்த மக்களின் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் பகுதி 1966-இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்டது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, ஊருக்கு வெளியே கேப் ஃபிளாட்ஸ் எனும் மணல்வெளியில் கொண்டுபோய்க் கொட்டப்பட்டார்கள். விமான நிலையம் இருப்பது அதே மணல்வெளியில். நியாங்கா, குகுலேத்து, லாங்கா என்று வேலையின்மையும் துப்பாக்கியும் மலிந்த குடியிருப்புகளை ஒட்டித்தான் என்2 நெடுஞ்சாலை நகருக்குள் போகிறது. அந்தச் சாலையை விட்டு ஒரு திருப்பம் தவறினாலும் நியாங்காவுக்குள் நிற்பீர்கள்.

கற்பனையாகச் சொல்லவில்லை. 2023 ஆகஸ்டில் அங்கே மினிபஸ் டாக்சிக்காரர்களின் வேலைநிறுத்தம் கலவரமாக மாறியிருந்தது. குடும்பத்தோடு காரில் வந்த பிரிட்டிஷ் மருத்துவர் ஒருவர் பாதை மாறி நியாங்காவுக்குள் நுழைந்தார். சுட்டுக் கொன்றுவிட்டார்கள். வயது 40. அதே ஆண்டில் அமெரிக்கப் பயணி ஒருவர், மேப் காட்டிய குறுக்குவழியை நம்பி அதே பகுதிக்குள் போய், முகத்தில் குண்டடிபட்டு உயிர் தப்பினார். குறுக்குவழி கண்டுபிடிப்பதுதான் மேப் செயலியின் வேலை. அந்தத் தெருவில் யார் நிற்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. அதனால் புறப்படும் முன்பே ஹோட்டல்காரரிடம் கேட்டு, பெரிய சாலை வழியாகவே முழுப் பாதையையும் உறுதி செய்துகொள்ளுங்கள். வழியில் செயலி ‘எட்டு நிமிடம் மிச்சம்’ என்று வேறு பாதை காட்டினால் ஏற்காதீர்கள். வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் பெட்ரோலை நகருக்குள்ளேயே நிரப்பிவிடுங்கள். விமான நிலையத்துக்கு அருகில் போட்டுக்கொள்ளலாம் என்று கடைசி நேரத்தில் பங்க் தேடி இறங்குபவர்களைக் குறிவைத்தே ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

முதலில் விமானத்தையே யோசித்துப் போட வேண்டும். சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய் அல்லது அடிஸ் அபாபா போல ஓர் ஊரில் மாறித்தான் போக வேண்டும். இறங்கும் நேரம் காலையாகவோ நண்பகலாகவோ இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். இரண்டாயிரம் ரூபாய் குறைகிறதே என்று மாலையில் இறங்கும் விமானம் வேண்டாம். நமக்குக் கோடை என்றால் அவர்களுக்குக் குளிர்காலத் தொடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மே கடைசியில் ஜோகன்னஸ்பர்க்கில் மாலை ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்கு இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டி எடுத்து வெளியே வரும்போது கும்மிருட்டு. ஊர் தெரியாது, சிம் கார்டு வேலை செய்யாது, கைக்குழந்தை அழும். இந்த நிலையில் சாலைக்கு வரவே கூடாது.

விமான நிலைய வாசலில் ஒளிரும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, “டாக்சியா சார், இந்தப் பக்கம்” என்று பெட்டியைப் பிடிப்பவரிடம் பெட்டியைக் கொடுக்காதீர்கள். ஹோட்டல் அனுப்பும் வண்டி, டிரைவர் பெயர், வண்டி எண் மூன்றும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே உங்கள் போனில் இருக்க வேண்டும். ஜோகன்னஸ்பர்க் என்றால் கௌட்ரெய்ன் இருக்கிறது. 2010 உலகக் கோப்பைக் கால்பந்துக்காகத் திறந்த ரயில். விமான நிலையத்துக்குள்ளேயே ஏறி, கால் மணி நேரத்தில் சாண்ட்டன் போய்விடலாம். அந்த ரயிலை நம்பலாம். சாதாரணப் புறநகர் ரயிலையும் வெள்ளை மினிபஸ் டாக்சிகளையும் தவிர்த்துவிடுங்கள். ஊபர், போல்ட் வண்டிகளுக்கும் மினிபஸ்காரர்களுக்கும் பல ஆண்டுகளாக அடிதடி. 2025 ஆகஸ்டில் சொவேட்டோவின் மபோன்யா மால் வாசலில் செயலி வழி டாக்சி ஓட்டிய டிரைவர் ஒருவரைச் சுட்டுக் கொன்று வண்டியையும் எரித்தார்கள். ஊபர் கூப்பிட்டால் மாலுக்குள், காவலாளி நிற்கும் இடத்தில் நின்றபடி கூப்பிடுங்கள். வண்டி எண்ணைச் சரிபார்த்த பிறகே வெளியே வாருங்கள். டாக்சி வேலைநிறுத்தம் என்று செய்தி வந்தால் அன்று முழுவதும் ஹோட்டலிலேயே இருங்கள். ஒரு நாள் டூர் காசு போனால் போகட்டும்.

விமான நிலையத்தில் கட்டுக்கட்டாகப் பணம் மாற்றவும் கூடாது. மாற்றுகிறவரைக் கவனிக்க ஆள் இருப்பார். அங்கிருந்து ஹோட்டல் வாசல்வரை பின்தொடர்ந்து வந்து கொள்ளையடிப்பது ஜோகன்னஸ்பர்க்கில் தனி வகைக் குற்றமாகவே நடக்கிறது. ஃபாரெக்ஸ் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். கையில் கொஞ்சம் ராண்ட் இருந்தால் போதும்.

இனி சாலைக்கு வருவோம். சிக்னலில் கார் நிற்கிறது. ஜன்னல் ஏற்றியிருக்கிறது, கதவு பூட்டியிருக்கிறது, மடியில் கைப்பை, கையில் போன். பக்கத்தில் ஒருவன் நடந்து வருகிறான். அவன் கையில் கல் இல்லை, கம்பி இல்லை. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானை உடைத்த சில்லு ஒன்று, விரல் நகத்தளவு. அதை வீசினால் காரின் பக்கவாட்டுக் கண்ணாடி பொலபொலவென்று கொட்டிவிடும். அடுத்த நொடி கை உள்ளே வரும், பை போய்விடும். சிக்னல் பச்சையாவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். அந்தக் கை தேடி வருவது கண்ணுக்குத் தெரியும் பையையும் போனையும் மட்டும்தான். இரண்டும் டிக்கியில் இருந்தால் உங்கள் கண்ணாடியை உடைக்க அவனுக்குக் காரணமே இல்லை.

டிக்கியில் வைப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்கி, டிக்கியைத் திறந்து பையை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள். பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு எதை உடைக்க வேண்டும் என்று நீங்களே காட்டிக் கொடுத்தது போலாகும். கிளம்பும் இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ரிமோட்டை அழுத்திவிட்டு அப்படியே நடந்துவிடவும் வேண்டாம். பார்க்கிங்கில் நிற்கும் ஒருவன் அதே அலைவரிசையில் வேறொரு ரிமோட்டை அழுத்திக்கொண்டிருந்தால் உங்கள் கார் பூட்டாது. கதவுக் கைப்பிடியைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுப் போங்கள். சிக்னலில் முன் வண்டியின் பின் டயர் தரையைத் தொடும் இடம் உங்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஒதுங்கி ஓட்டிப் போக வழி இருக்கும்.

இதையெல்லாம்விட எனக்குப் பயம் தருவது போலி போலீஸ். நீல விளக்கு சுழலும் கார் ஒன்று பின்னால் வந்து ஓரம்கட்டச் சொல்லும். சீருடை, துப்பாக்கி, எல்லாம் இருக்கும். 2017 செப்டம்பரில் ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்திலிருந்து ஹோட்டலுக்குப் போய்க்கொண்டிருந்த நெதர்லாந்துப் பயணிகளின் பஸ்ஸைப் போலீஸ் சீருடையில் வந்தவர்கள்தான் நிறுத்திக் கொள்ளையடித்தார்கள். டூர் பஸ், டிரைவர், கூட்டம் எல்லாம் இருந்தும் நடந்தது. சந்தேகம் வந்தால் உடனே நிறுத்த வேண்டியதில்லை. நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, ஜன்னல் வழியே கையைக் காட்டி, பணிகிறோம் என்று தெரிவித்துவிட்டு, மெதுவாக அருகிலுள்ள போலீஸ் நிலையத்துக்கு ஓட்டிப் போகலாம். அந்த ஊர்ப் போலீஸே ஏற்றுக்கொண்ட முறை இது. டிரைவர் வைத்துப் போனாலும் அவருக்கு இது தெரியுமா என்று முதல் நாளே கேளுங்கள்.

ஆனால் துப்பாக்கியை நீட்டிவிட்டால் பேச்சே கிடையாது. கொடுத்துவிடுங்கள். போன், கார், நகை, எதைக் கேட்டாலும். கைகள் அவர்களுக்குத் தெரியும்படி இருக்கட்டும், முகத்தை உற்றுப் பார்க்காதீர்கள், பின் சீட்டில் குழந்தை இருந்தால் அதை மட்டும் சொல்லி இறக்குங்கள். நம் ஊரில் செயின் பறிப்பவனைத் துரத்திப் பிடித்த வீரத்தை அங்கே காட்ட வேண்டாம்.

செயின் என்றதும் தாலிச் செயின் ஞாபகம் வருகிறது. வளையல், ஆரம், கல் வைத்த தோடு எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட்டு, தாலியை மஞ்சள் கயிற்றிலோ மெல்லிய கருகமணியிலோ கோத்துக்கொண்டு போங்கள். வீட்டுப் பெரியவர்கள் மனம் கோணலாம். எட்டுப் பவுனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஜோகன்னஸ்பர்க் தெருவில் நடக்கும் ஆபத்தை எடுத்துச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

க்ரூகர் தேசியப் பூங்காவைப் பார்க்காமல் யாரும் திரும்புவதில்லை. சுமார் 19,600 சதுர கிலோமீட்டர் காடு. உள்ளே சிங்கத்தைவிட, வேகமாக ஓட்டும் சுற்றுலாப் பயணிதான் ஆபத்து. தார்ச்சாலையில் 50 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அனுமதித்த இடம் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கவும் கூடாது. வெளியே இருக்கும் சாலையில்தான் கவனம் வேண்டும். 2022 அக்டோபரில் நும்பி நுழைவாயிலுக்குப் போகும் சாலையில் ஜெர்மானியப் பயணி ஒருவரைக் காருக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். பட்டப்பகலில் பக்கத்திலிருக்கும் பபேனி நுழைவாயிலுக்கோ, மலலேன் நுழைவாயிலுக்கோ போகும்படி டிரைவரிடம் சொல்லுங்கள். மே, ஜூன், ஜூலை மாதங்களில் பூங்கா வாசல் மாலை ஐந்தரைக்கு மூடிவிடும். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். காலை ஏழு மணிக்குள் புறப்படாமல் “சாப்பிட்டுவிட்டுப் போகலாம்” என்று பதினொரு மணிக்குக் கிளம்பினால், மூடிய வாசலுக்கு வெளியே இருட்டில் நிற்க வேண்டிவரலாம். அங்கே மலேரியாவும் உண்டு. மழைக்காலத்தில் அதிகம், குளிர்காலத்தில் குறைவு. சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணியோ உடன் வந்தால் மலேரியா இல்லாத பிலனஸ்பர்க், மடிக்வே சரணாலயங்களைத் தேர்ந்தெடுங்கள். அங்கும் யானை, சிங்கம், காண்டாமிருகம் எல்லாம் உண்டு.

கேப்டவுன் நகரின் நடுவே பட்டப்பகலில் ஓர் ஏமாற்று வேலை நடக்கிறது. கழுத்தில் அடையாள அட்டை தொங்க, நல்ல ஆங்கிலம் பேசும் ஒருவர் வழிமறிப்பார். இந்தத் தெருவில் இன்று நிகழ்ச்சி நடக்கிறது, நடக்க அனுமதிச் சீட்டு வேண்டும், இலவசம்தான், பக்கத்து ஏ.டி.எம்.மில் கார்டைப் போட்டால் அச்சாகி வரும் என்பார். கூடவே வந்து சொல்லியும் கொடுப்பார். ரகசிய எண்ணைப் பார்த்துக்கொண்டு, கார்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவார். எந்தத் தெருவில் நடக்கவும் எந்தச் சீட்டும் தேவையில்லை. பணம் எடுக்க வேண்டுமென்றால் மாலுக்குள் இருக்கும் இயந்திரத்தில் எடுங்கள். யார் உதவ வந்தாலும் கேன்சல் அழுத்திக் கார்டோடு விலகிவிடுங்கள்.

டேபிள் மவுன்டனுக்குக் கேபிள் காரில் போய்க் கேபிள் காரிலேயே இறங்குங்கள். காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிடுவார்கள், அதனால் அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். மலைப்பாதையில் தனியாகவோ இரண்டு பேராகவோ நடப்பவர்களைக் கத்தி காட்டிப் பறிப்பது தொடர்ந்து நடக்கிறது. ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் வழிகாட்டியோடு, கூட்டமாக, காலையில். சிக்னல் ஹில்லில் சூரிய அஸ்தமனம் அழகுதான். மறைந்ததும் கூட்டத்தோடு கூட்டமாகக் கிளம்பிவிடுங்கள்.

தமிழர்கள் தவறாமல் தேடும் இடங்களும் உண்டு. தில்லையாடி வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். காந்தியின் சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் பதினாறு வயதில் இறந்தார். பிராம்ஃபான்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் அவர் சமாதி இருக்கிறது. அதே சத்தியாகிரகத்தில் அவருக்கு முன்பே உயிர்விட்ட நாகப்பனின் சமாதியும் அங்கேதான். அவசியம் போய்ப் பூ வையுங்கள். ஆனால் நகரத்தின் உட்பகுதி அது. காலையில், உள்ளூர் வழிகாட்டியோடு, வண்டி வாசலிலேயே காத்திருக்கும்படி போக வேண்டும். காந்தி அடைபட்டிருந்த பழைய சிறை உள்ள கான்ஸ்டிட்யூஷன் ஹில்லும் அப்படித்தான். வளாகத்துக்குள் பயமில்லை. ஒட்டியுள்ள ஹில்ப்ரோ தெருக்களில் காலாற நடக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

டர்பனில் 1860-இல் மதராஸிலிருந்து கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிப் போனவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீ மிதிக்கிறார்கள். அதே டர்பனில் காந்தி 1904-இல் தொடங்கிய பீனிக்ஸ் குடியிருப்பு இருக்கும் இனாண்டா, கொலைகள் அதிகம் பதிவாகும் போலீஸ் நிலையங்களின் பட்டியலில் முன்னால் நிற்கும் பகுதி. கோயில்காரர்களிடம் பேசினால் துணைக்கு ஆள் கிடைக்கும். “நம்ம ஆளுங்கதானே” என்ற தைரியத்தில் வாடகைக் காரை எடுத்துக்கொண்டு நேராகப் போய்விடாதீர்கள்.

காகிதங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில் மஞ்சள் காய்ச்சல் கிடையாது. ஆனால் எத்தியோப்பியா, கென்யா வழியாகப் போய் அங்கே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தங்கினால் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். அதே வழியில் திரும்பி வரும்போது சான்றிதழ் இல்லையென்றால் இந்தியாவிலேயே ஆறு நாள்வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் நம் சுகாதார அதிகாரிகளுக்கு உண்டு. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும், கடைசி வாரத்தில் ஓடாதீர்கள். குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் போங்கள். அம்மாவோ அப்பாவோ ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் ஒப்புதல் கடிதமும் கையில் இருப்பது நல்லது. டிராவல் இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது விலையைப் பார்க்காதீர்கள். அங்கே அரசு மருத்துவமனைகளில் நெரிசல் தாங்காது, தனியார் மருத்துவமனையில் முன்பணம் இல்லாமல் சேர்ப்பது கஷ்டம்.

பிரிட்டோரியாவில் இந்தியத் தூதரகம், ஜோகன்னஸ்பர்க், டர்பன், கேப்டவுனில் துணைத் தூதரகங்கள். நான்கின் அவசர எண்களையும் அவர்களின் இணையதளத்தில் பார்த்து எழுதி, ஆளுக்கு ஒரு தாளில் பாக்கெட்டில் வையுங்கள். போன் பறிபோன பிறகு போனில் இருக்கும் எண் உதவாது. அங்கே போலீஸ் 10111, ஆம்புலன்ஸ் 10177, செல்போனிலிருந்து எதற்கும் 112.

டிராவல்ஸ்காரரிடம் முன்பணம் கட்டும் முன் நான்கு கேள்வி கேளுங்கள். விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது? எங்களை ஏற்ற வரும் வண்டி யாருடையது? க்ரூகருக்கு எந்த வாசல் வழியாகப் போகிறோம்? இருட்டிய பிறகு ஒரு நாளாவது சாலையில் இருப்போமா? எழுத்தில் பதில் தராதவரிடம் குடும்பத்தை ஒப்படைக்காதீர்கள். வேறு ஆளைப் பாருங்கள்.